சியாட்டிகா வலியோட சமாளிக்கிறது எப்படி: இன்ச் டேப்ப வச்சு நான் கத்துக்கிட்ட முழு வழிகாட்டி

தீபாவளிக்கு 19 நாள் இருந்துச்சு, தைக்க வேண்டிய ப்ளவுஸ் மட்டும் 60க்கு மேல மடிச்சு கிடந்துச்சு, காலைல கீழ விழுந்த பாபின எடுக்க குனிஞ்சேன், அவ்ளோதான். வலது பின்பக்கத்துல ஷாக் அடிச்ச மாதிரி ஒரு வெட்டு, அது அப்படியே தொடைக்குப் பின்னாடி இறங்கி கெண்டைக்கால் வழியா சுண்டுவிரல் வரைக்கும் போச்சு. சுளுக்குனு நெனச்சு வெந்நீர் ஊத்திட்டு மறுபடியும் மெஷின்ல உக்காந்தேன். அந்த வாரம் முழுக்க அப்படியே தச்சேன். ஏழாவது நாள் பெடல அழுத்துனா வலது கால் சரியா அழுத்தல, மெஷின் விட்டு விட்டு ஓடுது, அப்பதான் பயம் வந்துச்சு.

அது சியாட்டிகா, அதாவது இடுப்புல நரம்பு அழுந்தி கால்ல இறங்குற வலி. அதுக்கப்புறம் மூணு மாசம். அந்த மூணு மாசத்துல டாக்டர், ஃபிசியோ சொன்னது, நானா தேடிப் படிச்சது, நானா பண்ணி பாத்து கெடுத்துக்கிட்டது எல்லாத்தையும் வரிசையா எழுதுறேன். நான் டாக்டர் கிடையாது, அதனால எந்த இடத்துல கண்டிப்பா டாக்டர்ட்ட போகணுமோ அத முதல்லயே சொல்லிடுறேன்.

இதுல ஒண்ணே ஒண்ண மட்டும் நீங்க எடுத்துக்கிட்டா போதும்: வலி எவ்ளோ இருக்குனு பாக்காதீங்க, எது வரைக்கும் இருக்குனு பாருங்க. என் ஃபிசியோ பொண்ணு முதல் நாளே கேட்டா, "அக்கா, வலி எங்க முடியுது?"னு. எனக்கு புரியல. கைல இன்ச் டேப் தான எப்பவும் இருக்கும், பெல்ட் கட்டுற இடத்துல வச்சு கீழ வரைக்கும் அளந்து காட்டுனேன். 36 இன்ச், அதுக்கு மேல பாதத்தோட வெளி ஓரமும். அத காலண்டர் சீட்டுல எழுதுனேன், அன்னைலருந்து தினமும் காலைலயும் ராத்திரியும் எழுதுனேன். அந்த நம்பர் குறைஞ்சதுதான் எனக்கு குணம் ஆகுறதோட கணக்கு.

உள்ள என்ன நடக்குது

முதுகெலும்போட ரெண்டு எலும்புக்கு நடுவுல இருக்கிற டிஸ்க்க நம்ம ஊர்ல ஜவ்வுனு சொல்லுவாங்க. வெளில கெட்டியான வளையம், உள்ள ஜெல் மாதிரி. அந்த வளையம் பின்பக்கமா புடைச்சாலோ கிழிஞ்சு ஜெல் வெளிய வந்தாலோ பக்கத்துல போற நரம்பு வேர அழுத்துது, அதோட அந்த ஜெல் பட்டாலே நரம்பு வீங்கி எரிச்சலாகுது. இடுப்புலருந்தும் அதுக்கு கீழ இருக்கிற எலும்புலருந்தும் கிளம்புற எல்4, எல்5, எஸ்1, எஸ்2, எஸ்3 வேருங்க எல்லாம் சேர்ந்துதான் சியாட்டிக் நரம்பு ஆகுது, நம்ம உடம்புலயே தடிமனான நரம்பு இதுதான். அதனாலதான் கோளாறு இடுப்புல, வலி கால்ல. நிறைய பேருக்கு இடுப்பு வலியே பெருசா இருக்காது, கால்தான் உயிர் போகும்.

நல்ல விஷயம் என்னன்னா, வெளிய வந்த ஜெல்ல உடம்பே கொஞ்சம் கொஞ்சமா கரைச்சு எடுத்துக்குது. பெருசா வெளிய வந்ததுதான் பல பேருக்கு நல்லா கரையுதுனு படிச்சப்ப எனக்கு நம்பவே முடியல, ஆனா அதான் நிஜம். பெரும்பாலானவங்களுக்கு 6லருந்து 12 வாரத்துல ஆபரேஷன் இல்லாமலே நல்லா குறைஞ்சிடுது.

வயசானவங்களுக்கு கதை வேற. எலும்பு வளந்து நரம்பு போற பாதை குறுகிப்போயிருக்கும், நடந்தா கால் கனக்கும், உக்காந்தா இல்ல முன்னாடி சாஞ்சா நிம்மதியா இருக்கும். டிஸ்க் பிரச்னைல நேர் எதிர், உக்காந்தா குனிஞ்சாதான் அதிகமாகும். உங்களுக்கு எதுனு தெரியாம நான் சொல்ற பயிற்சிய ஆரம்பிக்காதீங்க.

இன்னொன்னு, ரெண்டு பாதமும் சாக்ஸ் போட்ட மாதிரி ஒரே அளவுல எரியுது, மரத்துப்போகுதுன்னா அது சுகர்னாலயோ பி12 குறைவுனாலயோ இருக்கலாம், முதல்ல ரத்தம் டெஸ்ட் பண்ணுங்க.

முதல் படி: இதெல்லாம் இருந்தா இத படிக்கிறத நிறுத்திட்டு ஆஸ்பத்திரிக்கு போங்க

வண்டி சீட்ல உக்காந்தா சீட் படுற இடம் இருக்குல்ல, தொடை இடுக்கு, பிறப்புறுப்பு, ஆசனவாய் சுத்தி, அங்க மரத்துப்போனா. ஒண்ணுக்கு வரலைனாலோ, வர்றதே தெரியாம போனாலோ, மோஷன் கட்டுப்பாடு போனாலோ. ரெண்டு கால்லயும் வலியும் பலவீனமும் ஒண்ணா வந்தா. இது எமர்ஜென்சி, நாளைக்கு காலைல பாத்துக்கலாம்னு இருக்கவே கூடாது, ராத்திரி 2 மணியா இருந்தாலும் போகணும். லேட்டானா ஆபரேஷன் பண்ணாலும் ஒண்ணுக்கு போற உணர்வு திரும்பாமலே போகலாம். கூச்சப்பட்டுக்கிட்டு பொம்பளைங்க இத வெளிய சொல்லாம இருந்துடுறோம், தயவுசெஞ்சு சொல்லிடுங்க.

பாதத்த தூக்க முடியாம நடக்கும்போது செருப்பு கழண்டு கழண்டு விழுந்தா அன்னிக்கே டாக்டர பாருங்க. அப்புறம் சாயந்திரமான காய்ச்சல், காரணமில்லாம எடை குறையுறது, படுத்தாலும் விடாத ராத்திரி வலி, இதெல்லாம் இருந்தா முதுகெலும்பு டிபி இருக்கானு பாக்கணும், நம்ம நாட்டுல இத லேசா விடக்கூடாது. முன்னாடி கேன்சர் வந்தவங்க, கீழ விழுந்தவங்க, ரொம்ப நாளா ஸ்டீராய்டு சாப்பிடுறவங்களும் வீட்லயே வைத்தியம் பாக்க வேணாம்.

இன்னொன்ன அடிக்கோடு போட்டு வச்சுக்கங்க: வலி குறையுது ஆனா மரத்துப்போறதும் பலவீனமும் கூடுதுன்னா அது குணமாகுறது இல்ல, நரம்பு மோசமாகுது. வலி போயிடுச்சேனு சந்தோஷப்பட்டு வீட்ல இருந்துடாதீங்க.

எந்த வேர் மாட்டியிருக்கு, வீட்லயே பாக்கலாம்

சுவத்த லேசா புடிச்சுக்கிட்டு குதிகால்ல நடந்து பாருங்க. அந்தக் காலோட முன்பாதம் தூக்க முடியலைனா, வலி கெண்டைக்காலோட வெளிப்பக்கமா இறங்கி பாதத்து மேல பெருவிரலுக்கு போச்சுனா பெரும்பாலும் எல்5. அதே மாதிரி ஒத்தக்கால்ல நின்னு நுனிக்கால்ல எம்பி எம்பி பாருங்க, நல்ல கால்ல 10 தடவை வருது, வலிக்கிற கால்ல மூணு நாலுக்கு மேல வரலைனா, வலி கெண்டைக்கால் பின்னாடி போய் சுண்டுவிரல் பக்கம் முடிஞ்சா எஸ்1. எனக்கு எஸ்1, பெடல அழுத்துறதும் நுனிக்கால்ல எம்புறதும் ஒரே தசைதான், அதனாலதான் மெஷின் நின்னு நின்னு ஓடுச்சு.

டாக்டர் நம்மள மல்லாக்க படுக்க வச்சு கால நேரா தூக்கி பாப்பாரு, 30லருந்து 70 டிகிரிக்குள்ள முட்டிக்கு கீழ வரைக்கும் அந்த வலி சுள்ளுனு வந்தா நரம்பு வேர்தான் மாட்டியிருக்குனு சந்தேகப்படுவாங்க. இத நீங்களா திரும்பத் திரும்ப பண்ணி பாக்காதீங்க, நான் அந்த தப்ப பண்ணேன், ஒவ்வொரு தடவையும் நரம்பு இன்னும் எரிஞ்சுது.

முதல் மூணு நாள்

முழு பெட் ரெஸ்ட் வேணாம். இத சொன்னா வீட்ல யாரும் நம்ப மாட்டாங்க, எங்க அத்தை என்ன எந்திரிக்கவே விடல. ஆனா 1999ல நெதர்லாந்துல 183 பேர வச்சு ரெண்டு வாரம் படுக்கைல இருந்தவங்களையும் முடிஞ்ச அளவு நடமாடுனவங்களையும் பாத்தாங்க, படுத்தே இருந்தவங்களுக்கு கூடுதலா ஒரு பலனும் இல்ல. அதனால வலி உச்சத்துல இருக்கிறப்ப ஒரு நாள் ரெண்டு நாள் அதிகமா படுங்க, அதுக்கு மேல வேணாம்.

படுக்கிற விதம் முக்கியம். தரைல பாய் விரிச்சு மல்லாக்க படுத்து, ரெண்டு கெண்டைக்காலையும் ஒரு பிளாஸ்டிக் சேர் மேல தூக்கி வைங்க, இடுப்பும் முட்டியும் ஜன்னல் சட்டம் மாதிரி செங்குத்தா மடங்கணும். 10லருந்து 15 நிமிஷம். எனக்கு முதல் வாரம் அழுகை நின்னது இந்த ஒரு பொசிஷன்லதான். ராத்திரி ஒருக்களிச்சு படுத்து ரெண்டு முட்டிக்கும் நடுவுல கெட்டியான தலகாணி, குழி விழுந்த பழைய மெத்தையா இருந்தா மாத்துங்க, அதுக்காக வெறுந்தரைலதான் படுக்கணும்னு ஒண்ணும் கட்டாயம் இல்ல.

எந்திரிக்கும்போது நேரா எந்திரிக்காதீங்க, முழு உடம்பையும் ஒரு உருளை மாதிரி பக்கவாட்டுல திருப்பி, கால கீழ இறக்கிக்கிட்டே கைய ஊணி எந்திரிங்க. ராத்திரி பூரா டிஸ்க் தண்ணி இழுத்து உப்பியிருக்கும், அதனால காலைல முதல் ஒரு மணி நேரம் குனியவே கூடாது. கோலம், பல் விளக்கும்போது வாஷ்பேசின்ல குனியறது, குனிஞ்சு தலை துவட்டுறது எல்லாம் அந்த ஒரு மணி நேரத்துக்கு அப்புறம் வச்சுக்கங்க.

தும்மல் வந்தா சட்டுனு சுவத்துல ஒரு கைய ஊணி நெஞ்ச நிமித்திக்கங்க. மலச்சிக்கல் வரவே விடாதீங்க, முக்குனா நேரா டிஸ்க்குக்குதான் போகும் அழுத்தம், வலி மாத்திரைல சிலது வேற மலச்சிக்கல கூட்டும். தண்ணி, கீரை, கொய்யா, ராத்திரி கொஞ்சம் ஊற வச்ச உலர் திராட்சை. இந்தியன் டாய்லெட்னா மெடிக்கல்ல ஓட்டை போட்ட சேர் மாதிரி ஒரு ஸ்டூல் கிடைக்கும், அந்த ஒரு மாசத்துக்கு அது பெரிய உபகாரம்.

ஒத்தடம் சூடா குளிர்ச்சியானு சண்டையே வேணாம், எது சுகமா இருக்கோ அது, இடுப்புல 15 நிமிஷம். நொச்சி இலை போட்டு வெந்நீர் ஒத்தடம் குடுத்தப்ப இறுகிப்போன சதை எனக்கு நல்லா இளகுச்சு. ஆனா மரத்துப்போன கால்ல சூடு வைக்காதீங்க, சுகர் இருக்கிறவங்க ரொம்பவே கவனம், சுடுறதே தெரியாம தோல் வெந்துடும்.

கவுந்து படுக்கிற பயிற்சி, டேப்தான் வாத்தியார்

இதுதான் என்ன காப்பாத்துச்சு, அதனால கொஞ்சம் நிதானமா சொல்றேன். நியூசிலாந்துல ராபின் மெக்கன்சினு ஒரு ஃபிசியோ 1950கள்ல கவனிச்சாரு, முதுக பின்னாடி வளைச்சு படுத்திருந்த ஒரு நோயாளிக்கு கால் வலி மேல ஏறி இடுப்புக்கு வந்துடுச்சுனு. அதுலருந்து வந்த முறை இது.

முதல்ல சும்மா கவுந்து படுங்க, தலைய ஒரு பக்கமா திருப்பிக்கிட்டு, ரெண்டு மூணு நிமிஷம். அதுவே முடியலைனா அடிவயித்துக்கு கீழ தலகாணி வைங்க. பழகுனதும் முழங்கைய ஊணி நெஞ்ச மட்டும் தூக்கி ரெண்டு நிமிஷம். ரெண்டு மூணு நாள்ல அதுவும் சரியாச்சுனா, உள்ளங்கைய தோளுக்கு நேரா வச்சு மேல் உடம்ப மட்டும் மெதுவா தூக்குங்க, இடுப்பு தரையோட ஒட்டியே இருக்கணும், பின்பக்க சதைய இறுக்காம தொளதொளனு விடணும், மேல ஒரு நொடி நின்னு இறங்குங்க. 10 தடவை. பகல்ல ரெண்டு மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை.

இப்ப டேப். பண்றதுக்கு முன்னாடி அளங்க, பண்ணி முடிச்சதும் அளங்க. வலி முன்ன 34ல இருந்து இப்ப 28க்கு ஏறியிருந்தா, இடுப்புல வலி கொஞ்சம் கூடுனாலும் பரவால்ல, அது சரியான பாதை, தொடருங்க. வலி கீழ இறங்குனா, விரல்ல புதுசா மரத்துப்போனா உடனே நிறுத்துங்க, இந்தப் பயிற்சி உங்களுக்கு இப்ப ஒத்து வரல, ஃபிசியோ பாத்து வேற பக்கம் மாத்தி குடுக்கட்டும். இடுப்பு வலி கூடிருச்சேனு பயந்து பாதில விட்டவங்கள நான் பாத்திருக்கேன், கால்லருந்து ஏறி வந்த வலிதான் அதுனு யாரும் அவங்களுக்கு சொல்லல.

என் சீட்டுல இருக்கிறது: முதல் வாரம் 36ம் பாதமும், ரெண்டாவது வாரக் கடைசில 28, மூணாவது வாரம் மறுபடி 36 (அது என் தப்பு, பின்னாடி சொல்றேன்), அஞ்சாவது வாரம் 19, அதாவது முட்டிக்கு மேல வந்துடுச்சு, எட்டாவது வாரம் 12. பொங்கலுக்கு பக்கத்துல 6 இன்ச், பின்பக்கத்துல ஒரு ரூபாய் காசு அளவுக்கு ஒரு இடம் அவ்ளோதான்.

கொஞ்சம் அடங்குனதும், எனக்கு நாலாவது வாரம், நரம்ப வழுக்கி விடுற பயிற்சி. உயரமான ஸ்டூல்ல உக்காந்து, கால முட்டிய நீட்டிக்கிட்டே தலைய மேல பாக்குற மாதிரி தூக்கணும், கால மடக்கும்போது தலைய குனியணும். ஒரு ஊசில நூல் இந்தப்பக்கம் இழுத்தா அந்தப்பக்கம் விட்டுக்குடுக்குற மாதிரி. 10 தடவை, சுள்ளுனு வர்றதுக்கு முன்னாடியே நிக்கணும். இழுத்துப் புடிச்சு நிக்கிற ஸ்ட்ரெச் வேற, இது வேற. காலைத் தொடுறேன்னு குனிஞ்சு பின்தொடைய இழுக்காதீங்க, எரிஞ்சுக்கிட்டு இருக்கிற நரம்ப பிடிச்சு இழுக்குற மாதிரிதான் அது.

நடை மறக்காதீங்க. ஒரே மூச்சுல அரை மணி நேரம் வேணாம், 5 நிமிஷம் 5 நிமிஷமா ஆறு தடவை, சமதரைல.

உக்கார்றது, தூக்குறது, வண்டி

உக்கார்றதுதான் எதிரி, அதுவும் கூனிப்போய் உக்கார்றது. 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை எந்திரிங்க, நான் செல்போன்ல அலாரம் வச்சேன். இடுப்பு வளைவுல ஒரு டர்க்கி டவல உருட்டி வைங்க. சம்மணம் போட்டு சாப்பிடுறது, அருவாமனைல உக்காந்து காய் நறுக்குறது, தரைல உக்காந்து துணி வெட்டுறது எல்லாம் அந்த மூணு மாசம் நிறுத்துனேன். பின் பாக்கெட்ல பர்ஸ் வைக்கிற ஆம்பளைங்க அத முன்னாடி மாத்திக்கங்க.

ஃபுல் கேஸ் சிலிண்டர் கிட்டத்தட்ட 30 கிலோ, உள்ள இருக்கிற கேஸே 14.2 கிலோ. கொண்டு வர்ற தம்பிகிட்டயே அடுப்படில வச்சு மாட்டிக் குடுக்க சொல்லுங்க, கேக்க தயங்காதீங்க. 25 கிலோ அரிசி மூட்டைய பிரிச்சு டப்பால போட சொல்லுங்க. தண்ணி குடத்த இடுப்புல வைக்கிறத விட ரெண்டு கைலயும் சின்ன சின்ன வாளியா தூக்குறது மேல். டூவீலர் முதல் நாலு வாரம் வேணாம், ஸ்பீட் பிரேக்கர்ல ஒவ்வொரு குலுக்கலும் நேரா கால்ல தெரியும். பஸ்னா பின் சீட் வேணாம்.

இடுப்பு பெல்ட் வெளிய போறப்ப ரெண்டு மணி நேரம் போட்டுக்கலாம், நாள் முழுக்க கட்டி வச்சா சதை சோம்பேறி ஆயிடும்னு ஃபிசியோ சொன்னா.

மாத்திரை

வீக்கம் குறைக்கிற வலி மாத்திரை கொஞ்ச நாளைக்கு, சாப்பிட்டதுக்கு அப்புறம், டாக்டர் சொன்ன அளவுக்கு மட்டும். அல்சர், கிட்னி, பிபி, இதயப் பிரச்னை இருந்தா முதல்லயே சொல்லிடுங்க. நரம்பு மாத்திரைனு பிரெகபாலின் எழுதுவாங்க, நிறைய பேருக்கு மெத்தில்கோபாலமின்னு பி12 சத்து மாத்திரையும் சேர்த்து. ஆனா 2017ல ஆஸ்திரேலியால சியாட்டிகா நோயாளிங்ககிட்ட நடந்த ஆய்வுல பிரெகபாலின் சாப்பிட்டவங்களுக்கும் வெத்து மாத்திரை சாப்பிட்டவங்களுக்கும் கால் வலில பெரிய வித்தியாசம் இல்ல, தலைசுத்தல்தான் அதிகம். எனக்கும் அதே தலைசுத்தல், மெஷின் ஊசிக்கு கீழ விரல் போகப் பாத்துச்சு. ஏற்கனவே சாப்பிடுறவங்க இத படிச்சுட்டு சட்டுனு நிறுத்திடாதீங்க, அத படிப்படியாதான் குறைக்கணும், டாக்டர்ட்ட கேளுங்க. மெடிக்கல்ல பேர் தெரியாம பொட்டலமா கலந்து குடுக்குறத வாங்கவே வாங்காதீங்க, உள்ள ஸ்டீராய்டு இருந்தாலும் நமக்கு தெரியாது.

ஸ்கேன், ஊசி, ஆபரேஷன்

பலவீனமோ மேல சொன்ன அபாய அறிகுறியோ இல்லைனா முதல் நாளே எம்ஆர்ஐ தேவைப்படாது. 1994ல அமெரிக்கால முதுகு வலியே இல்லாத 98 பேருக்கு ஸ்கேன் எடுத்தாங்க, அதுல 52 சதவீதம் பேருக்கு டிஸ்க் பல்ஜ், அதாவது டிஸ்க் புடைப்பு இருந்துச்சு. ரிப்போர்ட்ல இருக்கிற பல்ஜும் உங்க வலியும் ஒரே பக்கம், ஒரே வேர்ல பொருந்துதானு டாக்டர்ட்ட கேளுங்க.

நான் முதல்ல போன இடத்துல ரிப்போர்ட்ட பாத்த ரெண்டாவது நிமிஷம் நாளைக்கே ஆபரேஷன்னு சொன்னாங்க, காலத் தொட்டுக்கூட பாக்கல. வீட்டுக்காரர் நகைய எடுத்துட்டார் அடகு வைக்க. இன்னொரு டாக்டர் நுனிக்கால்ல நிக்க வச்சு பாத்து, பலவீனம் கொஞ்சம்தான், கூடலனா ஆறு வாரம் பாக்கலாம், வாரா வாரம் வந்து காட்டுங்கனாரு. அதுதான் சரியான கேள்வி, பலவீனம் கூடுதா குறையுதா. 2007ல நெதர்லாந்துல 283 பேர்ட்ட பாத்தப்ப, சீக்கிரமே ஆபரேஷன் பண்ணவங்களுக்கு கால் வலி வேகமா போச்சு, ஆனா ஒரு வருஷம் கழிச்சு ரெண்டு கூட்டமும் ஏறக்குறைய ஒரே நிலைமைல. காத்திருந்தவங்கள்ல 39 சதவீதம் பேரு கடைசில ஆபரேஷனுக்கு போனாங்கங்கிறதையும் சொல்லணும். அதனால ஆபரேஷன் கெட்டதுனு நான் சொல்லவே மாட்டேன், ஆறு எட்டு வாரம் எல்லாம் பண்ணியும் வலி கீழயே நிக்குது, தூக்கமே இல்லனா பண்ணிக்கிறது நியாயம். கால் வலிதான் அதுல நல்லா போகும், இடுப்பு வலி போகும்னு உறுதி கிடையாது. முதுகுல போடுற ஸ்டீராய்டு ஊசி சில வாரம் ஆசுவாசம் குடுக்கும், அந்த இடைவெளில பயிற்சி பண்ண பயன்படுத்திக்கலாம்.

செலவு யோசிக்கிறவங்க, முதலமைச்சர் காப்பீட்டு கார்டுல வருதானு ஆஸ்பத்திரில முதல்லயே கேளுங்க. 2021ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கே ஃபிசியோ வர்ற வசதியும் இருக்கு, நடக்க முடியாத பெரியவங்களுக்கு உங்க ஏரியா ஆரம்ப சுகாதார நிலையத்துல சொல்லி வைங்க.

அந்த மூணாவது வாரம்

28க்கு வந்த வலி 36க்கு போனது எப்படினா, சொந்தக்காரங்க சொன்னாங்கனு நரம்பு தட்டி விடுற ஒருத்தர்ட்ட போனேன். எண்ணெய் தேச்சது சுகமாதான் இருந்துச்சு, அதோட நிறுத்தியிருந்தா சரி. கடைசில கால மடக்கி இடுப்ப ஒரு முறுக்கு முறுக்கி இழுத்தாரு. அன்னிக்கு ராத்திரி சுவத்துல தலைய சாச்சுக்கிட்டு விடிய விடிய நின்னேன். லேசா எண்ணெய் தடவிக்கங்க, ஆனா கால்ல பலவீனமோ மரத்துப்போறதோ இருக்கும்போது யாரையும் இடுப்ப முறுக்க, இழுக்க, மேல ஏறி மிதிக்க விடாதீங்க.

திரும்ப வேலைக்கு

வலி முட்டிக்கு மேல ஏறி ஒரு வாரம் அங்கயே நின்னதும் மெஷின்ல உக்காந்தேன். முதல் வாரம் ஒரு நாளைக்கு மூணு ப்ளவுஸ், 20 நிமிஷத்துக்கு ஒரு எந்திரிப்பு. மெஷின் மேஜைக்கு அடில ரெண்டு இன்ச் கட்டை குடுத்து உயர்த்துனோம், கழுத்தும் இடுப்பும் குனியறது குறைஞ்சுது. வெட்டுறது எல்லாம் இப்ப நின்னுக்கிட்டே, சமையல் மேடை உயரத்துல ஒரு பழைய கதவ போட்டு. பெடல இடது காலுக்கு மாத்தப் பழகுனேன், பாதி நாள் இது பாதி நாள் அது.

தசைய பலப்படுத்துறது இந்த கட்டத்துலதான். மல்லாக்க படுத்து முட்டிய மடக்கி இடுப்ப தூக்குறது, நாலு கால்ல நின்னு வலது கையும் இடது காலும் நீட்டுறது, பக்கவாட்டுல முழங்கைய ஊணி இடுப்ப தூக்குறது. ஒவ்வொண்ணும் 10 நொடி புடிச்சு ஆறு ஆறு தடவை, வாரத்துல அஞ்சு நாள். நுனிக்கால்ல எம்புறது தனியா, அது இப்ப வலது கால்ல ஒன்பது வருது.

சுண்டுவிரல் ஓரத்துல இன்னும் லேசா மரப்பு இருக்கு. டாக்டர் சொன்னாரு, வலி போனதுக்கு அப்புறமும் மரப்பு பல மாசம் இருக்கலாம், நரம்பு ரொம்ப மெதுவாதான் தேறும்னு. கல்யாண சீசன்ல ரெண்டு தடவை வலி திரும்ப வந்துச்சு, ஒரு தடவை 15 வரைக்கும் இறங்குச்சு. உடனே தைக்கிறத நிறுத்திட்டு சேர் மேல கால் போட்டு 15 நிமிஷம், அப்புறம் கவுந்து படுத்து 10 தடவை, சாயந்திரம் வரைக்கும் மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை இதே. நாலாவது நாள் 7க்கு வந்துடுச்சு. காலண்டர் சீட்டு இப்பவும் மெஷின் பக்கத்துலதான் தொங்குது, நேத்து ராத்திரி எழுதுனது 0.